செங்கோட்டைச் சிறுவன் மேடை ராஜா ஆன கதை

மைக் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. கொட்டகை நிறைய ஜனங்கள். முன்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, பின்னால் மண் தரை. தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டின் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருப்பார்களா? கூச்சல் போடுவார்கள். விசில் அடிப்பார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில், குரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கொட்டகையை ஆண்டவர் எஸ்.ஜி.கிட்டப்பா.

அவர் வாழ்ந்தது 27 ஆண்டுகள்தான். அதில் 20 ஆண்டுகளுக்கு மேல் நாடக மேடையிலேயே கழிந்தது.

ஏழைக் குடும்பம்

கிட்டப்பா 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி செங்கோட்டையில் பிறந்தார். செங்கோட்டை அப்போது திருவாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. (1956-ல்தான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது.) தந்தை கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் கிட்டப்பா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிள்ளைகள் அதிகம். வருமானம் குறைவு. மூத்த பையன்கள் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அவர்களோடு சின்னப் பையன் கிட்டப்பாவும் போனான். ஐந்து, ஆறு வயதிலேயே முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டது.

பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படிக்க வேண்டிய வயது. ஆனால் அவனுக்குக் காதுதான் புத்தகம். அண்ணன்மார் பாடுவதைக் கேட்பான். அப்படியே திருப்பிப் பாடுவான். ஸ்வரம் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. பாடத் தெரியும்!

சுவாமிகளின் பள்ளி

அக்காலத்தில் பாலர் நாடகக் கம்பெனிகள் பல இருந்தன. நடிப்பவர்கள் எல்லாம் சிறுவர்கள். ராஜா வேடமும் சிறுவனுக்குத்தான், ராணி வேடமும் சிறுவனுக்குத்தான்.

இந்த ஏற்பாடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய நடிகர்கள் வாத்தியார் எழுதிக் கொடுத்ததைப் பேசுவதில்லை. மேடையில் ஏறியதும் மனம் போனபடி பேசுவார்கள். ஒருவரை ஒருவர் மடக்கப் பார்ப்பார்கள். கதை எங்கேயோ போய்விடும். இதைப் பார்த்து அலுத்துப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள். சிறுவர்களாக இருந்தால் சொன்னபடி கேட்பார்கள் என்று முடிவு செய்தார். அவர் தமிழ் நாடக உலகின் தந்தை என்று போற்றப்படுகிறவர். ஒரு முழு நாடகத்தை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதி முடித்தவர் அவர்.

அந்தச் சுவாமிகளிடம் பாடம் கேட்கும் பாக்கியம் கிட்டப்பாவுக்குக் கிடைத்தது.

பாடம் என்றால் லேசான பாடம் அல்ல. வசனம் மனப்பாடம். பாட்டு மனப்பாடம். உச்சரிப்பில் ல, ள, ழ பிசகக் கூடாது. இரவு நாடகம் முடியும்போது விடிந்துவிடும். பகலில் தூக்கம், பிறகு ஒத்திகை. ஓர் ஊரில் சில வாரம், பிறகு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே மாதக்கணக்கில் ஆகும். இன்று ஆறு வயதுப் பிள்ளையை அப்படி அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அன்று வறுமை அனுப்பி வைத்தது.

மகரக்கட்டு

பாலர் கம்பெனிப் பையன்கள் எல்லோரும் ஒன்றுக்குப் பயப்பட்டார்கள். அதன் பெயர் மகரக்கட்டு.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் பையன்களுக்குக் குரல் உடையும் அல்லவா? அதைத்தான் நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை குயில் போலப் பாடியவன் இன்று வாய் திறந்தால் கரகரப்பான். சிலருக்குக் கொஞ்ச நாளில் சரியாகும். பலருக்குப் பழைய குரல் திரும்பி வருவதே இல்லை. ராஜபார்ட் போட்ட பையன் சேவகன் வேடத்துக்கு இறங்குவான். படுதா இழுக்கப் போவான். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்புவான். வேறு தொழிலும் தெரியாது, படிப்பும் கிடையாது. எத்தனையோ சிறுவர்களின் வாழ்க்கை இப்படிப் பாழாயிற்று. அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

கிட்டப்பா அந்த வயதையும் தாண்டினார். குரல் கீழே இறங்கவில்லை. பெண்களுக்கு உரிய உச்ச ஸ்தாயியில் ஆண் குரலின் கம்பீரத்தோடு பாடினார். அந்தக் குரல் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

கன்னையா கம்பெனி

அந்த வயதில்தான் அவர் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார்.

கன்னையா நாடகம் என்றால் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். காட்சி ஜோடனையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மேடையில் நிஜக் குதிரைகளையே கொண்டு வந்து நிறுத்துவார். பட்டுத் திரைகள், பளபளக்கும் கிரீடங்கள், தந்திரக் காட்சிகள் என்று பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். அவருடைய தசாவதாரம் நாடகம் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது.

அதிலே நடித்துத்தான் கிட்டப்பா பெரும் புகழ் பெற்றார். பார்ப்பதற்குக் கன்னையாவின் ஜோடனை, கேட்பதற்குக் கிட்டப்பாவின் பாட்டு. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிப்பார். தம்பியின் சங்கதி எங்கே போகும் என்று அண்ணனுக்குத் தெரியும். தம்பி பாட்டு முடிந்ததும் 'ஒன்ஸ்மோர்' குரல் கிளம்பும். மறுபடியும் பாடுவார். மறுபடியும் 'ஒன்ஸ்மோர்'! அதுவரை கதை அங்கேயே நிற்கும். ராமனானாலும் பரதனானாலும் காத்திருக்க வேண்டியதுதான். நாடகத்துக்கு இது நல்லதா என்று கேட்டால், நல்லதல்ல என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் அதற்காகத்தானே வந்தார்கள்!

சங்கீத வித்துவான்களும் கொட்டகைக்கு வந்து அவர் பாட்டைக் கேட்டார்கள். தியாகராஜ சுவாமிகளின் 'எவரனி' கீர்த்தனை அவர் பாடி இசைத்தட்டாக வந்தது. கிராமபோன் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் அது ஒலித்தது. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் ஓடும். மேடையில் விஸ்தாரமாகப் பாடியதை அதற்குள் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பது அந்தச் சுருக்கம்தான்.

1924-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் கிட்டம்மாள்.

கொழும்பு மேடை

1926-ம் ஆண்டு. இலங்கையில் ஒரு பெண் பாட்டால் கொடிகட்டிப் பறந்து கொண்டிருந்தார். அவர்தான் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். அவரும் ஏழை வீட்டுப் பெண்தான். அவரும் சிறு வயதிலேயே மேடை ஏறியவர்தான்.

இருவரையும் ஒரே மேடையில் ஏற்ற கொழும்பில் ஏற்பாடு நடந்தது. அந்தச் சிங்கத்தின் முன்னால் நீ நிற்க முடியாது என்று சுந்தராம்பாளைச் சிலர் பயமுறுத்தினார்கள் என்பார்கள். அவருக்கு அப்போது வயது 18-க்குள். கிட்டப்பாவுக்கு 20-க்குள்.

அன்று நாடகம் வள்ளி திருமணம். அதிலே தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும், வேடனாக வரும் முருகனுக்கும் பாட்டிலேயே தர்க்கம் நடக்கும். அவர் ஒரு பாட்டுப் பாடினால், அதற்குப் பதில் பாட்டு வர வேண்டும். தோற்பவர் யார் என்று பார்க்கவே ஜனம் கூடியது.

யாரும் தோற்கவில்லை. இரண்டு குரலும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. அன்று தொடங்கிய ஜோடியைத் தமிழ்நாட்டு ஊர்களெல்லாம் போட்டி போட்டு அழைத்தன. 1927-ல் மாயவரத்தில் இருவரும் மணம் செய்து கொண்டார்கள்.

கதர் உடுத்தினார்கள். தேசிய இயக்கத்துக்குத் துணை நின்றார்கள். ஆனால் குடும்ப வாழ்க்கையில் நிம்மதி நீடிக்கவில்லை. பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. கிட்டப்பாவுக்கு மதுப் பழக்கம் ஏற்பட்டது. கணவனும் மனைவியும் பிரிந்து வாழும் நிலை வந்தது. ஏற்கனவே மனைவி உள்ளவரை மணந்த சுந்தராம்பாளின் மனக்கஷ்டம் ஒருபுறம். ஊரில் இருந்த கிட்டம்மாளின் கஷ்டம் இன்னொருபுறம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

திருவாரூரில் விழுந்தார்

1933-ல் திருவாரூரில் நாடகம். மேடையில் நின்ற கிட்டப்பாவால் நடிக்க முடியவில்லை. மயங்கி விழுந்தார். ஆறு வயது முதல் ஓயாத உழைப்பு, இரவெல்லாம் கண்விழிப்பு, அதோடு மது. உடம்பு எவ்வளவுதான் தாங்கும்?

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. பேசும் படம் தமிழில் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு படத்தில்கூட நடிக்காமலே போய்விட்டார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1935-ல் நந்தனார் படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை அது. அதிலும் அவர் ஏற்றது நந்தனாரின் ஆண் வேடம். 1953-ல் அவ்வையாராக நடித்தார். 1980-ல் காலமாகும் வரை அவர் உடுத்தியது வெள்ளைப் புடவைதான்.