இருப்புப்பாதை கண்ட ஜார்ஜ் ஸ்டீபன்ஸன்

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு ரெயிலேறிச் செல்லும் நம்மவர், கார்டு, கூட்ஸ், பாயிண்டு, சிலீப்பர் கட்டை என்னுஞ் சொற்களை வேற்றுமொழிச் சொற்களென்னும் நினைவேயின்றி வழங்குகின்றனர். இச்சொற்கள் வழங்கிய நாட்டிலே தொழிலாளராய்ப் பிறந்து, இருப்புப்பாதைக்கு உருவளித்த ஜார்ஜ் ஸ்டீபன்ஸனது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1781-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் நாள், வட இங்கிலாந்தில் நியூகாஸில் நகரை அடுத்த வைலம் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் இயந்திரத்திற்கு நெருப்பிடும் தொழிலாளி. வறுமையாற் பள்ளி காணாத ஜார்ஜ், பதினெட்டாம் பிராயத்திலேதான் இராப்பள்ளியிற் சேர்ந்து எழுத்தறிந்தார். பின்னர்க் கடிகாரம் பழுதுபார்த்தும் செருப்புத் தைத்தும் பொருளீட்டித் தம் மைந்தன் ராபர்ட்டைப் படிப்பித்து, அவன் பாடங்களைத் தாமும் உடனிருந்து பயின்றார்.

அந்நாளிற் சுரங்கப் பக்கங்களில் குதிரைகள் கரிவண்டிகளை மரச்சட்டங்களின்மேல் இழுத்துச் சென்றன. அச்சட்டத்தின் பெயரே ரெயில். சிலவிடங்களில் விளிம்புடைய இருப்புத் தகடுகளைப் பதித்தனர். தகடு பதிப்பவன் பிளேட்லேயர் எனப்பட்டான். தகடு மறைந்தும் அப்பெயர் மறையவில்லை. குதிரை பூட்டிய தபால் வண்டியிற் காவலாய்ச் சென்றவனே கார்டு. அவ்வண்டிப் பிரயாணியின் பெயரைப் புத்தகத்திற் பதிந்த வழக்கமே புக்கிங் ஆபீஸ் என்பதற்கு மூலம்.

ஸ்டீபன்ஸன் 1814-இல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் தம் முதல் நீராவி வண்டியை ஓட்டினார். 1825-இல் லிவர்பூல்–மாஞ்செஸ்டர் பாதைக்கான மசோதா பார்லிமெண்டின் விசாரணைக்கு வந்தது. நில அளவையிலிருந்த பிழைகளைக் குறித்து வழக்கறிஞர் வினவ, இவர் விடையிறுக்க இயலாது திகைத்தார். இவரது வடநாட்டுக் கொச்சைப் பேச்சும் நகைப்பிற்கு இடமாயிற்று. மசோதா வீழ்ந்தது, வேலை பிறர் கைக்குப் போயிற்று. எனினும் அவ்வாண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் இவர் அமைத்த ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டு மசோதா நிறைவேறியபின் இவரையே மீண்டும் அழைத்தனர். ஆழங்காண இயலாத சாட் மாஸ் சதுப்பின்மேல் புதர்க்கட்டுகளைப் பரப்பி, மிதப்பதுபோற் பாதையமைத்தார். 1829-இல் ராபர்ட்டின் கைத்திறனுஞ் சேர்ந்த ராக்கெட் இயந்திரம் ரெயின்ஹில் போட்டியில் வென்றது. 1830 செப்டம்பர் 15-இல் பாதை திறக்கப்பட்டது.

கடல் கடந்தபோது சொற்களும் பிரிந்தன. ஆங்கிலேயர் ரெயில்வே என்பதை அமெரிக்கர் ரெயில்ரோடு என்றனர், கார்டு அங்கே கண்டக்டர், கூட்ஸ் பிரெய்ட்டு, பாயிண்டு சுவிட்சு, சிலீப்பர் டை. நமக்கு வந்தவை ஆங்கிலேயர் சொற்களே. நம்மவர் அவற்றைச் செவிக்கிசையத் திருத்திக்கொண்டதோடு, சிக்னலைக் கைகாட்டி எனத் தமிழாகவும் ஆக்கினர். ஸ்டீபன்ஸன் கொண்ட 4 அடி 8½ அங்குல அகலமோ நம் பாதைக்கு வரவில்லை. முன்னர் மீட்டர் அகலமாயிருந்து, பின்னர் 5 அடி 6 அங்குலமாயிற்று.

1848 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஸ்டீபன்ஸன் காலமானார். கற்றோர் அவையில் இவர் பேச்சு நகைக்கப்பட்டது. ஆயினும் இவர் போன்ற உழைப்பாளரின் நாவிற் பயின்ற சொற்களையே இன்று கற்றோரும் மற்றோரும் வழங்குகின்றனர். கல்லூரியிற் பயிலும் நாம், தொழிலாளர் பேச்சைக் கொச்சையென்று இகழுமுன் இதனைச் சிந்தித்தல் நலம்.