கூழினுள் வழி கண்ட தோமஸ் கிரகாம்

எங்கள் கல்குடாவை அடுத்த குடாவுக்கு முன்னோர் பாசிக்குடா என்று பெயரிட்டனர். கடற்பாசி வகைகளுட் சிலவற்றைக் காய்ச்சி ஆறவிட்டால் அவை கட்டிக் கூழாகும். நோன்பு மாதத்தில் அதனை இனிப்பாக்கி உண்பாரும் உளர். அத்தகைய கூழைச் சோதனைச் சாடியில் ஊற்றி, அதனூடே பொருள்கள் பரவும் விரைவை அளந்தவர் தோமஸ் கிரகாம். இரசாயனம் கற்பிக்கும் நான் மாணவர்க்கு விரும்பி எடுத்துரைக்கும் வாழ்க்கை அவருடையது.

அவர் 1805ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். மகன் சமயகுருவாதல் வேண்டும் என்பது தந்தையின் உறுதி. மகனின் உள்ளமோ இரசாயனத்தில் தோய்ந்திருந்தது. தந்தை பொருளுதவியை நிறுத்தினார். மகன் தளரவில்லை, கற்பித்தும் எழுதியும் காலங் கழித்தார். 1830இல் கிளாஸ்கோவிலும், 1837இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பேராசிரியரானார். 1855இல் அரச நாணயசாலையின் தலைமையை ஏற்ற பின்னரும் சோதனையைக் கைவிட்டாரல்லர்.

1861இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முறை எளியது. சாடியில் நீரை நிரப்பி, அதன் அடியில் உப்புக் கரைசலைக் கலங்காது இறக்குவார். பல நாள் அசையாது வைத்தபின், மேலிருந்து நீரை 16 பங்குகளாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏறியுள்ள உப்பை நிறுப்பார். பின்னர் நீருக்குப் பதிலாகக் கடற்பாசிக் கூழை வைத்தார். உப்பு, நீரில் ஏறியதுபோலவே ஏறக்குறைய அதிலும் ஏறிற்று. கருக்கிய சீனியோ 8 நாள் சென்றும் நகரத் தொடங்கியதாகவே தோன்றவில்லை. கண்ணுக்குக் கட்டியாகத் தெரியும் கூழ் உண்மையில் நுண்ணிய வலை. சிறு துணிக்கைக்கு அது திறந்த வழி, பெருந் துணிக்கைக்கு அடைத்த கதவு. இன்று ஒளியின் துணைகொண்டு துணிக்கைகளின் அசைவைப் பின்தொடர்ந்து அளப்போரும் அவ்வலைக் கண்ணின் அளவையே ஆராய்கின்றனர்.

எளிதிற் பரவாத இப்பொருள்களுக்குப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் பெயர் அமைத்தார். நாம் அவற்றைக் கூழ்ப்பொருள் என்கிறோம். தோல்போற் பதஞ்செய்த தாளின் வழியே சிறுநீரிலிருந்து யூரியாவைப் பிரித்துக் காட்டி, அம்முறைக்குப் பிரித்தல் என்னும் பொருள்பட அவர் இட்ட பெயரே இன்றும் வைத்தியசாலைகளில் வழங்குகிறது.

அவர் 1869இல் மறைந்தார். 1943இல் ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப் அதே நெறியில் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். சிறுநீரக நோயால் நலிந்தோர் பலர் வாழும் வடமத்திய மாகாணம் எமக்கு அயலே உள்ளது. அங்கு நோயாளியின் குருதி தூய்மையாகும் ஒவ்வொரு வேளையிலும், தந்தை மறுத்த கல்வியை விடாது பற்றிய அம்மகனின் பொறுமை பயன் தருகிறது என்றே நான் கருதுகிறேன்.