சுவரில் கிறுக்கிய வாண்டுகளுக்கு ஒரு பள்ளி: யார் இந்த மரியா மாண்டிசோரி?

இன்று தெருவுக்குத் தெரு மாண்டிசோரி போர்டு தொங்குது. சில இடங்களில் ஃபீஸைக் கேட்டாலே தலை சுத்தும். ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் தொடங்கிய முதல் பள்ளி, ஏழைக் குழந்தைகளுக்கானது!

1870-ல் இத்தாலியில் பிறந்தவர் மரியா மாண்டிசோரி. பெண்கள் டாக்டராவதே அபூர்வமான காலத்தில், 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் வாங்கினார். படிப்பே ஏறாது என்று ஒதுக்கப்பட்ட மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சிலர் எழுதப் படிக்கவே கற்றுக்கொண்டார்கள். 1898-ல் திருமணமாகாமலே மகன் மரியோ பிறந்தார். ஊர் பேச்சுக்குப் பயந்து, குழந்தையை வேறொரு குடும்பத்திடம் விட வேண்டியிருந்தது. மகன் பதின்ம வயதில்தான் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

ரிப்பேர் காசில் பள்ளி

ரோமில் சான் லொரென்சோ, தொழிலாளர்கள் நிறைந்த ஏழைப் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும், தனியாக இருந்த வாண்டுகள் சுவரில் கிறுக்கி, கட்டடத்தை நாசம் பண்ணின. கட்டட நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. ரிப்பேருக்குக் கொட்டும் காசில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வைத்தால் என்ன? பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது.

1907 ஜனவரி 6-ம் தேதி 'குழந்தைகள் இல்லம்' திறந்தது. குழந்தை உயரத்துக்கு ஏற்ற மேசை, நாற்காலி, தொட்டுப் பார்த்துக் கற்கும் பொருட்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதை எடுப்பது என்பது அவங்க இஷ்டம். பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. நாலு, ஐந்து வயதிலேயே எழுதத் தொடங்கினார்கள். அம்மாக்கள் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள்.

சென்னை கனெக்‌ஷன்

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் குதிக்க, பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டவர் ஆனார். கூடவே வந்த மரியோவை முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரியின் 70-வது பிறந்தநாளையொட்டி மகன் விடுதலையானார். கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய அவர், 1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1952-ல் நெதர்லாந்தில் காலமானார்.

கணக்கு சரியா?

அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெரி ப்ரீஸ்கூல் ஆய்வு, 123 ஏழைக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அது மாண்டிசோரி பள்ளி அல்ல. ஆனால், சோதித்தது அதே கணக்கைத்தான். அந்த மழலையர் பள்ளியில் படித்தவர்கள், படிக்காதவர்களைவிட 40 வயதில் அதிகம் சம்பாதித்தார்கள். கைதானதும் குறைவு. அதாவது, மூன்று, நான்கு வயதில் போட்ட காசு பின்னாளில் சமூகத்துக்கே திரும்பி வந்தது.

ரோம் கட்டட நிறுவனம் மிச்சம் பிடிக்க நினைத்தது சுவர்ச் செலவை மட்டும்தான். ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வகுப்பறை கிடைத்தால்தான், மாண்டிசோரி தொடங்கிய வேலை முடியும்.