சூரியனைத் துரத்திய சிறுவன்!

உங்களிடம், 'காலையிலிருந்து மாலை வரை, மொட்டை மாடியில் நின்று சூரியனைத் துரத்து. சம்பளம் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவில், நாஷ்வில் நகரில், ஒன்பது வயது கூட நிரம்பாத ஒரு சிறுவன், இந்த வேலையைத்தான் செய்தான். பெயர், எட்வர்டு எமர்சன் பர்னார்டு. 1857ல் அவன் பிறப்பதற்கு முன்பே, அப்பா இறந்து விட்டார். வீட்டில் கடும் வறுமை. பள்ளிக்குச் சென்றது இரண்டே மாதம். அம்மாவே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு, போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

அப்போது மின்விளக்கு கிடையாது. போட்டோவைப் பெரிதாக்க, மாடியில் இருந்த ராட்சதக் கருவிக்குள் சூரிய ஒளியைச் செலுத்துவர். சூரியன் நகர்ந்து கொண்டே இருக்குமே! அதனால், சக்கரங்களை மெல்லத் திருப்பி, கருவியை அதன் பக்கமே வைத்திருக்க வேண்டும். முன்பு இருந்த பையன்கள் தூங்கி வழிந்தனர். பர்னார்டு தூங்கவில்லை.

வளர்ந்ததும், ஓராண்டுச் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொடுத்து, 5 அங்குல டெலஸ்கோப் வாங்கினார். புதிய வால் நட்சத்திரம் கண்டுபிடித்தால், 200 டாலர் பரிசு கிடைத்த காலம் அது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அந்தப் பணத்தில் வீட்டுக் கடனை அடைத்தார். வால் நட்சத்திரம் கட்டிய வீடு!

1888ல், கலிபோர்னியாவில் உள்ள லிக் வானாய்வகத்தில் சேர்ந்தார். அங்கே, ஸ்டுடியோவில் ஆட்களைப் படம் பிடித்த பழைய லென்ஸ் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு பால்வீதியைப் படம் எடுக்க ஆசைப்பட்டார்.

மங்கலான நட்சத்திரங்கள் பதிய, கண்ணாடித் தகட்டில் மணிக்கணக்கில் ஒளி விழ வேண்டும். பூமி சுழல்வதால், கேமராவை அசையாமல் வைத்தால், நட்சத்திரங்கள் கோடுகளாகி விடும். டெலஸ்கோப்பைத் திருப்ப, கடிகாரம் போன்ற இயந்திரம் உண்டு. ஆனால், அது கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும்.

எனவே, கேமராவை ஒரு டெலஸ்கோப்புடன் பொருத்தினார். அதனுள்ளே, குறுக்கும் நெடுக்குமாக இரு மெல்லிய கம்பிகள். அவை சந்திக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, கண் எடுக்காமல் பார்ப்பார். அது மயிரிழை விலகினால், திருகைத் திருப்பிச் சரி செய்வார். மீண்டும் விலகும், மீண்டும் திருப்புவார். குளிரில் விரல்கள் மரத்துப் போகும். அறையைச் சூடாக்கவும் முடியாது. வெப்பக் காற்று, நட்சத்திரத்தை நடுங்க வைத்து விடும். இன்று இந்த வேலையை, சின்னக் கேமராவும், கம்ப்யூட்டரும் பார்த்துக் கொள்கின்றன.

1889ல் அவர் எடுத்த படங்களில், நட்சத்திரக் கூட்டங்கள் மேகம் மேகமாகத் தெரிந்தன. நடுவே, கருப்புத் திட்டுகள்! வானத்தில் ஓட்டையா? பர்னார்டும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்.

இதற்கிடையே, 1892ல், வியாழனின் ஐந்தாவது நிலாவைக் கண்டுபிடித்து, உலகப் புகழ் பெற்றார். 1895ல், யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு மாறினார். ஆனாலும், அந்தக் கருப்புத் திட்டுகள் அவரை விடவில்லை.

1913 கோடையில், நிலவில்லாத ஓர் இரவு. படம் எடுத்துக் கொண்டிருந்தவர், குட்டி மேகங்கள் சில மிதந்து வருவதைப் பார்த்தார். ஒளிரும் பால்வீதிக்கு முன்னால், அவை மைத்துளி போல் கருப்பாக இருந்தன. தன் படங்களில் இருந்த திட்டுகளைப் போலவே!

அப்படியானால், அவையும் ஓட்டைகள் அல்ல. பின்னால் உள்ள நட்சத்திரங்களை மறைக்கும் மேகங்கள். 1919ல், 182 கருப்புத் திட்டுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவை தூசும் வாயுவும் கலந்தவை என்பதும், அத்தகைய மேகங்களில்தான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்பதும் இன்று நமக்குத் தெரியும்.

தன் பால்வீதிப் படங்களில் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, புத்தகமாக்க விரும்பினார் பர்னார்டு. அச்சில் சரியாக வராது என்று, அசல் போட்டோ பிரதிகளையே ஒட்டச் சொன்னார். 700 புத்தகங்கள், மொத்தம் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். அத்தனையையும் தானே சரி பார்த்தார். 1923ல் அவர் இறந்தபோது, புத்தகம் முடியவில்லை. உதவியாளராக இருந்த மேரி கால்வெர்ட் என்ற பெண்ணும், யெர்க்ஸ் இயக்குனரும், 1927ல் அதைக் கொண்டு வந்தனர்.