சலீம் அலியும் பரத்பூர் எருமைகளும்

1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம், யுத்தம் முடிந்து மக்கள் திரும்பிய பின், 2015இல் தேசியப் பூங்காவானது. இங்கே கிருலப்பனையில் இருந்து அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு சலீம் அலியின் நினைவு வரும்.

1896இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். தான் சுட்டு வீழ்த்திய குருவி என்ன இனம் என்று கேட்கப்போய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குள் நுழைந்தார். 1987இல் இறக்கும்வரை அந்தத் தொடர்பு அறவில்லை. 1959 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு அவர்கள் வலசைப் பறவைகளின் கால்களில் வளையமிட்டார்கள். பிறகு எமது கடலுக்கு அக்கரையிலுள்ள கோடியக்கரையிலும்.

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலத்தை வயலாக்கவிடாமல் நேருவிடம் பேசியவர் அவர்தான். சைபீரியக் கொக்குகள் மாரியில் வந்து தங்கிய இடம் அது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் இன்று அங்கே நெல்லோ கோதுமையோதான் இருந்திருக்கும்.

ஆனால் 1982இல் அதே இடத்தில் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. சலீம் அலியும் தடையை ஆதரித்தார். தலைமுறைகளாக மேய்த்த கிராமத்தவர்கள் எதிர்த்தார்கள். பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்தார்கள். அவரது கழகமே செய்த நீண்ட ஆய்வு பின்னர் வேறு கதை சொன்னது. எருமைகள் இல்லாததால் புல் மண்டி நீரை மூடியது, நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. தன் நிலைப்பாட்டுக்கு எதிரான முடிவை மறைக்காத அந்தக் கழகத்தை மதிக்கிறேன். அது வந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை.

சுண்டிக்குளத்தில் மாடு மேய்ப்பவர்களிடமும் இறால் பிடிப்பவர்களிடமும் வனஜீவராசிகள் திணைக்களம் என்ன கேட்டது?