இடுப்பில் ஓர் இயந்திரம்
தேயாத மூட்டைத் தேடிய டாக்டர் சார்ன்லி

கிறீச்! கிறீச்!

எண்ணெய் இல்லாத கதவு போலச் சத்தம் வந்தது. சத்தம் கதவில் இருந்து வரவில்லை. ஒரு மனிதரின் இடுப்பில் இருந்து வந்தது!

அந்த மனிதருக்கு வேறு இடத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. இடுப்பு மூட்டில் பிளாஸ்டிக் குமிழ் வைத்திருந்தார்கள். அவர் முன்னால் குனிந்தால் போதும், கிறீச் என்று கத்தும். சத்தம் பொறுக்காமல் அவருடைய மனைவியே பக்கத்தில் வருவதைத் தவிர்த்தாராம்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். டாக்டர் ஜான் சார்ன்லி சிரிக்கவில்லை. சத்தம் வந்தால் உராய்வு இருக்கிறது. உராய்வு இருந்தால் தேய்மானம் இருக்கிறது. தேய்ந்தால் மூட்டு எத்தனை நாளைக்கு வரும்? இந்தக் கேள்வி அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது.

மருந்துக் கடைக்காரர் மகன்

சார்ன்லி இங்கிலாந்தில் அப்போது லங்காஷயர் வட்டாரத்தில் இருந்த பெரி என்ற ஊரில் 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி பிறந்தார். தகப்பனார் மருந்துக் கடை வைத்திருந்தார். தாயார் நர்சு வேலை பயின்றவர். மகன் மான்செஸ்டரில் படித்து, 1935-ல் டாக்டர் ஆனார். உலகப் போரின்போது ராணுவ டாக்டராக வேலை பார்த்தார்.

ஆளுக்குக் கொஞ்சம் முரட்டுப் பிடிவாதம் உண்டு. எலும்பு எப்படி ஒட்டி வளர்கிறது என்று ஒரு சந்தேகம் வந்தது. தன் கால் எலும்பையே சோதனைக்குக் கொடுத்தார்! சக டாக்டர் ஒருவர் ஆபரேஷன் செய்தார். கால் சீழ் பிடித்து, மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. இப்படிச் செய்வது சரியா என்று நமக்குத் தோன்றலாம். பின்னால் அவர் இதையே மறுபடியும் செய்யப் போகிறார்!

பந்தும் கிண்ணமும்

நம் இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது? தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. இடுப்பு எலும்பில் ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் சுழல்கிறது. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். வலி உயிரை எடுக்கும். இரவில் புரண்டு படுக்க முடியாது. செருப்பு மாட்டக் கூட இன்னொருவர் உதவி வேண்டும்.

செயற்கை மூட்டுக்கு உடம்பில் ஊறும் நீர் வழவழப்புத் தராது, வைக்கும் பொருளே வழுக்க வேண்டும் என்பது சார்ன்லியின் முடிவு. தோசை ஒட்டாமல் இருக்கச் சட்டியில் பூசுகிறார்களே, அந்த டெப்லானை எடுத்தார். தன் வீட்டுப் பட்டறையில் தானே கிண்ணம் கடைந்தார். தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு. அதன் உச்சியில் சிறிய உலோகப் பந்து. பந்து சிறிதாக இருந்தால் உராய்வின் இழுப்பும் குறையும் என்று கணக்குப் போட்டு, கடைசியில் சுமார் 22 மில்லிமீட்டர் அளவில் நிறுத்தினார். ஒரு பெரிய கோலிக்குண்டு அளவுதான்! எல்லாவற்றையும் எலும்போடு இறுக்கிப் பிடிக்க, பல் வைத்தியர்கள் கட்டும் பல்லுக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் வகையையே சிமெண்டாக்கினார்.

விகன் நகருக்குப் பக்கத்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி. காச நோயாளிகள் இருந்த இடம். அங்கேதான் இந்த ஆபரேஷன்கள் நடந்தன. கோலூன்றி வந்தவர்கள் கைவீசி நடந்தார்கள். சுமார் 300 பேர்!

300 பேர்

அந்தச் சந்தோஷம் மூன்று ஆண்டு கூட நிற்கவில்லை.

எக்ஸ்ரே படங்களில் பந்து கிண்ணத்துக்குள் புதைந்துகொண்டே போவது தெரிந்தது. டெப்லான் தேய்ந்தது. தேய்ந்த தூள் சும்மா இருக்கவில்லை. அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று உடம்பு அதனுடன் சண்டை போட்டது. மூட்டைச் சுற்றிக் கட்டி திரண்டது. பக்கத்து எலும்பை அரித்தது. நடந்தவர்கள் மறுபடியும் நொண்டினார்கள்.

சார்ன்லி ஒளியவில்லை. தான் வைத்த மூட்டுகளைத் தானே ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்த கிண்ணங்களை அளந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் தன் தவறு தன் கையிலேயே இருந்தது!

நெசவுத் தறிப் பல்சக்கரம்

லங்காஷயர் அந்தக் காலத்தில் நெசவாலைகள் நிறைந்த வட்டாரமாக இருந்தது. 1962-ல் தறிகளுக்கான பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கும் வியாபாரி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரிடம் இருந்த பொருள் அடர்த்தி மிகுந்த பாலித்தீன். சார்ன்லியின் பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன் ஒரு துண்டை வாங்கிக் காட்டினார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்தார். இது வீண் வேலை என்று சொல்லிவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

கிரேவன் கேட்கவில்லை. தேய்மானம் பார்க்கும் இயந்திரத்தில் அதை மாட்டி ஓடவிட்டார். இரவும் பகலும் ஓடியது. டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு இது மூன்று வாரம் ஓடியும் தேயவில்லை! ஊர் திரும்பிய சார்ன்லி பார்த்தார், நம்பினார்.

ஆனால் உடனே நோயாளிக்கு வைத்துவிடவில்லை. 300 பேரை மறக்க முடியுமா? டெப்லானையும் பாலித்தீனையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். டெப்லான் இருந்த இடம் கட்டியாகிப் புடைத்தது. பாலித்தீன் இருந்த இடம் பேசாமல் இருந்தது. 1962 நவம்பரில் முதல் பாலித்தீன் கிண்ணம் ஒரு நோயாளியின் இடுப்பில் ஏறியது.

பிறகு சீழ் பிடிக்காமல் இருக்க, வடிகட்டிய காற்று வீசும் ஆபரேஷன் அறை அமைத்தார். தன்னிடம் வந்து முறையைக் கற்றுக்கொள்ளாத டாக்டர்களுக்குத் தன் மூட்டை விற்கவும் பல ஆண்டு விடவில்லை. 1977-ல் சர் பட்டம் வந்தது. 1982 ஆகஸ்டு 5-ந் தேதி காலமானார்.

இன்றும் தேய்கிறது

பாலித்தீனும் தேயாமல் இல்லை. நாம் நடக்கும்போது ஒரு கால் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் அடி வைக்கிறது. அந்தக் காலத்துக் கிண்ணங்கள் ஆண்டுக்குச் சராசரி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தேய்ந்தன. 1990-களின் கடைசியில் கதிர்வீச்சால் உறுதியாக்கிய பாலித்தீன் வந்து, தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

சார்ன்லியின் மூட்டில் பந்தும் தண்டும் ஒரே துண்டு. பிறகு வந்தவர்கள் அவற்றைத் தனித்தனியாகச் செய்தார்கள். ஆளுக்கு ஏற்ற அளவில் பொருத்தலாம், பந்தை மட்டும் மாற்றலாம். நல்ல வசதிதான். ஆனால் இரண்டு உலோகம் சேரும் இடத்தில் உரசலும் அரிப்பும் புதிதாக வந்தன. கிண்ணத்தையும் பந்தையும் உலோகத்தாலேயே செய்து பார்த்தார்கள். அதிலும் உலோகத் தூள் உதிர்ந்து சதையைக் கெடுத்தது. 2010-ல் அவ்வகை மூட்டு ஒன்று உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

பத்தில் ஏறக்குறைய ஆறு இடுப்பு மூட்டுகள் 25 ஆண்டு உழைக்கின்றன என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வலி இல்லாமலே உள்ளே தேயலாம். டாக்டர் சொன்ன காலத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சார்ன்லி தம் நோயாளிகளிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார். அவர்கள் இறந்த பிறகு அந்த மூட்டை எடுத்துப் பார்க்க அனுமதி தர வேண்டும். பலர் சம்மதித்தார்கள். நன்றாக நடந்து, வயதாகிக் காலமானவர்களின் மூட்டுகள் ரைட்டிங்டனுக்குத் திரும்பி வந்தன. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவர் அவற்றையும் அளந்து பார்த்தார்.