கட்டடமும் கணக்கும்

பவானிபூரிலிருந்து ஆசுதோஷ் முகர்ஜி சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், மரங்களுக்கு மேலே விக்டோரியா நினைவகத்தின் வெண்பளிங்குக் குவிமாடம் தோன்றும். அரசியின் பெயரை எல்லாரும் அறிவர். அதனை வரைந்த வில்லியம் எமர்சனைச் சிலர் அறிவர். கட்டி முடித்தவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் சர் இராஜேந்திரநாத் முகர்ஜி.

அவர் 1854ஆம் ஆண்டு, வங்காளத்தின் பசீர்ஹாட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்த அவரைத் தாயே வளர்த்து ஆளாக்கினார். கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் பொறியியல் பயின்றார். ஆயினும் உடல்நலம் குன்றியதால் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. பட்டம் இல்லாத இளைஞர் ஒப்பந்தக்காரரானார். புகழ்பெற்ற பொறியாளர் பிராட்ஃபோர்டு லெஸ்லியின் வழியாக, கல்கத்தாவுக்குக் குடிநீர் தரும் பல்தா நீர்நிலையத்தில் அவருக்குப் பணி கிடைத்தது.

குழாயின் விட்டத்தைக் கணக்கிடுவது கல்லூரிப் பாடம். அக்குழாய் எந்த நாளில் வந்து சேர வேண்டும்? அதனைப் பதிக்க எத்தனை பேர் வேண்டும்? குழாய் வரத் தாமதமானால், காத்திருக்கும் தொழிலாளரின் கூலியை எங்கிருந்து கொடுப்பது? செய்த வேலைக்குப் பணம் பல மாதங்கள் கழித்தே வரும். கூலியோ உடனே தர வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை காணாத ஒப்பந்தக்காரர், நல்ல பொறியாளராக இருந்தாலும் கடனாளியாவார். ஆள், பொருள், பொறி, காலம், பணம் ஆகியவற்றை ஒருங்கே ஆளும் இவ்வறிவை இன்று தொழிலகப் பொறியியல் எனத் தனித்துறையாகக் கற்பிக்கின்றனர். முகர்ஜி அதனை வேலையிடத்திலேயே கற்றார்.

1892இல் அவரும் தாமஸ் அக்வின் மார்ட்டினும் சேர்ந்து மார்ட்டின் நிறுவனத்தைத் தொடங்கினர். பெயர்ப்பலகையில் ஆங்கிலேயரின் பெயர் மட்டுமே இருந்தது. அக்காலத்தில் அது வியப்புக்குரியதன்று. வட இந்திய நகரங்கள் பலவற்றில் அந்நிறுவனம் நீர்நிலையங்களை அமைத்தது. பின்னர் சிற்றிருப்புப் பாதைகளில் இறங்கியது. 1897இல் ஓடத் தொடங்கிய ஹௌரா – ஆம்தா பாதையின் தண்டவாளங்களுக்கிடையே இரண்டே அடி அகலம். பெரிய இரயில் பாதை இட்டால் செலவுக்கேற்ற வருவாய் வாராத சிற்றூர்களுக்குச் சிறிய வண்டியே போதும் என்பது கணக்கு. சாலையோரமாகவே பாதை சென்றதால் நிலம் வாங்கும் செலவும் குறைந்தது. அழகிய வண்டி என்று அதனைச் சொல்ல முடியாது. ஆனால் அது 1971 வரை ஓடியது.

விக்டோரியா நினைவகத்துக்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1921இல்தான் அது திறக்கப்பட்டது. இராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து பளிங்கு வரவேண்டும். ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து வரும் கல்லும் அதனை இழைக்கும் கைகளும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடாவிட்டால் வேலை நின்றுவிடும். பதினைந்து ஆண்டுகள் நீண்ட அப்பணியை நிறைவேற்றியது மார்ட்டின் நிறுவனம். குவிமாடத்தைவிட இந்த ஒழுங்கே பெரிய கட்டுமானம் எனலாம்.

1931இல் மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியபோது முதல் தலைவராக அமர்ந்தவரும் முகர்ஜியே. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. பிற்காலத்தில் அந்நிறுவனமே இந்தியத் தொழிற்சாலைகளுக்குப் புள்ளியியல் வழித் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்தது.

ஹூக்ளி ஆற்றின்மேல் 1874 முதல் மிதவைப் பாலம் ஒன்று இருந்தது. கப்பல் வரும்போதெல்லாம் அதன் நடுப்பகுதியை விலக்குவர். இரு கரைகளிலும் வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கும். புதிய பாலம் பற்றி ஆராய 1921இல் அமைந்த பொறியாளர் குழுவுக்கு முகர்ஜி தலைமை தாங்கினார். 1936இல் அவர் மறைந்தார். ஆற்றின் நடுவே தூணே இல்லாத ஹௌரா பாலம் 1943இல் திறக்கப்பட்டது. அது அகற்றிய மிதவைப் பாலம், முகர்ஜிக்கு முதற்பணி கிடைக்க வழிசெய்த பிராட்ஃபோர்டு லெஸ்லி கட்டியது.